கம்பூசியாவுக்குக் காலைப் பலகாரம்

கொசு ஒழிப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களே, நான் பயந்த கதை இது. தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

1. பாட்டில்

தருவைகுளத்தில் ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விட வேண்டும். “குடிக்கிற தண்ணியிலயா?” என்று தெருவே மறுத்தது. அந்தத் தெருவில் ரோஸ்மேரி அக்கா தலையாட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அவர் சொன்னார்: “புழுவத் திங்கத கண்ணால காட்டு, விடுதோம். திங்கலன்னா இந்தப் பக்கமே வரப்படாது.”

கண்ணாடி பாட்டிலில் ஆறு மீன். அதில் ஒரு கரண்டி கொசுப்புழுவை ஊற்றினேன். சுற்றிலும் கடலுக்குப் போய் வந்த ஆட்கள்.

மீன்கள் தின்னவில்லை. புழு மூக்கில் இடித்தால் மரியாதையாக விலகி வழிவிட்டன. என் விரலைக் கண்டால் மட்டும் மேலே ஓடி வந்தன.

“ஏலே, மீன் பிடிக்கவனுக்கே மீன் காட்ட வந்திருக்கான் பாரு!” என்றார் ஒருவர்.

“தவக்காலம்லா? மீனும் ஒருசந்தி நோன்பு இருக்கு” என்றார் இன்னொருவர்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். “தண்ணி உப்பா? வெயில் பட்டுச்சா? கம்பூசியாதானாய்யா அது?” என்றார். கடைசிக் கேள்வியில் எனக்கே சந்தேகம் வந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அக்காதான் கேட்டார். “மீனுக்குக் காலையில என்ன போட்ட?”

“கருவாட்டுத் தூள்க்கா. நாலு பேர் முன்னால தெம்பா நிக்கணுமேன்னு ரெண்டு தடவ.”

“வெளங்கும்! எர எடுத்த மீனு தூண்டிலத் திரும்பிப் பாக்குமா தம்பி? சாயங்காலம் வரைக்கும் இங்கன கெடக்கட்டும்.”

பாட்டில் அவர் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்தது. நான் எதிரே உட்கார்ந்தேன். நாலு மணிக்கு ஒரு மீன் புழுவைக் கொத்தியது. துப்பியது. என் உயிர் போனது. மறுபடி கொத்தி விழுங்கியது. பிறகு ஆறும் பாய்ந்தன.

அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு புழுகூட இல்லை.

“மொதல்ல எங்க தொட்டியில விடு. மத்தவங்கட்ட நான் சொல்லுதேன். ஆனா ஒரு சிட்டிகை தூள் போட்டே, ஒன்னையும் சேத்து எறக்கிருவேன்.”

2. பாடம்

கம்பூசியாவுக்குப் புழு பிடிக்குமா, தூள் பிடிக்குமா? எனக்கு இன்றும் குழப்பம்தான். ஆனால் செயல்விளக்கத்துக்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். மீன் வாடிவிடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். அடிக்கட்டும். தீனி போட்டுவிட்டால் வாடப்போவது உங்கள் முகம்தான், மீன் அல்ல.