சுண்டுவிரல் நகத்துக்கு ஒரு மரண அறிவித்தல்

மகள் மெலிந்துகொண்டே போகிறாள், இரவில் சொறிந்து சொறிந்து அழுகிறாள் என்று இன்று கல்முனையில் பாமசிக்குப் போனோம்.

மருந்து தரும் தங்கச்சி பூச்சி மாத்திரையை எடுத்து வைத்தார். "வீட்டுல எல்லாரும் போடணும். நகத்துக்குள்ளதான் பூச்சிட முட்டை ஒளிச்சிருக்கும். புள்ளைக்கு ஆரு சோறு தீத்துற?"

"நான்தான்!" என்றார் என் கணவர், பெருமையாக. "என்ட கையால தீத்தினாத்தான் அவ தின்னுவா."

தங்கச்சி, என் கணவர் ஆசையாக வளர்த்து வைத்திருக்கும் சுண்டுவிரல் நகத்தையே பார்த்தார்.

"மச்சான், நகவெட்டியும் ஒண்டு வாங்குவம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நானே வெட்டினேன். மகள் மாத்திரையைச் சப்பித் தின்றுவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவர்தான் இன்னும் விரலைத் தடவிக்கொண்டு இருக்கிறார்.

ஆறுதல் சொல்ல வரும் சுண்டுவிரல் நகக்காரர்கள் கவனம்: நகவெட்டி இன்னும் என் கையில்தான் இருக்கிறது.