மந்திரித்த மண்

என் முதல் பிள்ளை அழவே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முத்தியால்பேட்டை வீட்டில், மாதாகோயிலில் காலைப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது பிறந்தான். குருசுக்குப்பத்து மருத்துவச்சி அவன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினாள், வாயில் விரல் விட்டுத் துடைத்தாள், முகத்தில் ஊதினாள். கடைசியில் "போச்சும்மா, உள்ளயே போயிருக்கு" என்று என் பக்கத்தில் கிடத்தினாள்.

என் கணவர் மில்லில் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது அவருடைய அக்காள் மட்டும்தான். அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தினம் பூசை, தினம் சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம், அதாவது நன்மை, வாங்குவது, மிச்ச நேரமெல்லாம் என்னைத் திட்டுவது. மீன்குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தெருமுனைவரை கேட்கும். அப்பப்பா, அந்த வாய்! எனக்கென்று ஒரு நல்ல வார்த்தை அதிலிருந்து வந்ததே இல்லை.

வலியைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்கு மோட்சம் கிடையாது என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நரகத்தின் ஓரத்தில் வெளிச்சமில்லாத ஓர் இடமாம். நெருப்பு சுடாது, ஆனால் கடவுளின் முகத்தை ஒருநாளும் பார்க்க முடியாது. பூமியிலும் அதே கதிதான். கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபித்து மந்திரித்த மண்ணில் அப்படிப்பட்ட பிள்ளைக்கு இடமில்லை. சுவருக்கு வெளியே, முட்செடிக்குப் பக்கத்தில், தூக்குப் போட்டுக்கொண்டவர்களோடு புதைக்க வேண்டும். சிலுவை வைக்கக் கூடாது, மணி அடிக்கக் கூடாது. என் பிள்ளை அங்கேயா போக வேண்டும் என்று வாய்விட்டுக் கதறினேன்.

"எதுக்கும்மா இப்படி அழுவுற? எங்கள்ல பெரியவங்களத்தான் எரிப்போம். பச்சப்புள்ளய கடலோரமா மண்ணுல வெச்சிட்டு வந்துடுவோம். அடுத்த வாட்டி அதுவே உன் வயித்துல வந்து பொறக்கும்" என்றாள் மருத்துவச்சி. அவளுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று பொறாமையாக இருந்தது.

அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்.

"மூச்சு இருந்திச்சி. தண்ணி ஊத்தி நானே ஞானஸ்நானம் குடுத்துட்டேன். ரெண்டு பேருக்கும் புரிஞ்சிதா?"

ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி மந்திரம் சொல்லலாம். ஆனால் உயிர் இருக்க வேண்டும். மருத்துவச்சி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

கோயில் சாமியார் வந்து, உயிர் இருந்ததா என்றுதான் கேட்டார். அண்ணி சுவரில் மாட்டியிருந்த, சிலுவையில் ஆண்டவர் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "சத்தியமா சாமி. ரெண்டு தடவ கொட்டாவி விட்டுச்சி. என் கையிலதான் அடங்குச்சி."

சாயங்காலம் வெள்ளைப் பெட்டியில் கொண்டுபோனார்கள். நான் பாயில் படுத்தபடி கோயில் மணியைக் கேட்டேன். பாவி எனக்கு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

அதற்கப்புறம் அண்ணி நன்மை வாங்கவில்லை. தினம் பூசைக்குப் போவார், எல்லோரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிடும்போது இவர் மட்டும் இடத்தைவிட்டு அசைய மாட்டார். ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருஷம். தெருவில் கண்டபடி பேசினார்கள். நான்கூட, என்மேல் இருக்கிற கோபத்தைக் கடவுளிடம் காட்டுகிறாரோ என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்து வரும்போது கேட்டேவிட்டேன்.

"பொய் சத்தியம் பண்ண நாக்குல எப்படிடி வாங்கறது?" என்றார்.

நடுவழியில் நின்று அவர் கையைப் பிடித்தேன். "பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுங்களேன் அண்ணி. சாமியார் மன்னிப்பு குடுப்பாரு."

"சொன்னா மட்டும் போதுமா? வருத்தப்படணும், இனிமே செய்யமாட்டேன்னு சொல்லணும். எனக்கு வருத்தம் வரமாட்டேங்குதே. வெயில்ல நிக்காத, நட."

அதற்குமேல் அவரிடம் பேச்சுக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டு பேரையும் அண்ணிதான் வளர்த்தார். திட்டு மட்டும் குறையவில்லை.

ஆறாவது வருஷம் அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சாப்பாடு நின்றது, பிறகு கஞ்சியும் நின்றது. ஒரு மத்தியானம் சாமியாரைக் கூட்டிவந்தோம். மேசையில் வெள்ளைத்துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக எங்களை வெளியே போகச் சொன்னார். வெகுநேரம் கழித்து வந்தவர், கொண்டுவந்த நற்கருணையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போனார். என்ன என்று அவர் சொல்லக் கூடாது. எனக்குத்தான் தெரியுமே.

உள்ளே ஓடி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தைதானே அண்ணி? வருத்தப்படறேன்னு சொல்லிடுங்க. என் புள்ளைக்காக நீங்க நரகத்துக்குப் போவணுமா?"

"அறிவு கெட்டவளே" என்றார். குரல் நூலாக வந்தது. "அது செத்துதானே பொறந்துச்சி. நான் ஊத்துனது வெறுந் தண்ணிதானே. மண்ணுக்குத்தான் எடம் வாங்குனேன், மோட்சத்துக்கு வாங்க முடியல. அப்போ அது எங்க இருக்கும்? இருட்டுலதானே. நான் போற பக்கந்தான். தேடிக் கண்டுபிடிச்சி மடியில வெச்சிக்கிறேன். ஒண்டியா கெடக்காது."

இருட்டில் எத்தனை பிள்ளைகளோ என்று தோன்றியது. "இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கும் அண்ணி" என்றேன்.

"அதையும் நீ சொல்லணுமா? குளிப்பாட்டினவ நான்தான்டி" என்றார்.