சங்கு திரும்பிய ஸ்டாம்பு

போன வாரம் ஒரு பதிவுத் தபால் அனுப்பச் சின்னமனூருக்குப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கவரை எடை போட்டு ஏதோ தட்டினார். இயந்திரம் கோடு கோடாக ஒரு வெள்ளைத் துண்டைத் துப்பியது. அதைக் கவரில் அப்பிப் பின்னால் போட்டுவிட்டார். "ஸ்டாம்பு ஒட்ட வேண்டாமா?" என்றேன். "இதுவே போதும் சார்" என்றார். மனசு ஆறாமல், அனுப்ப வேண்டிய அவசியமே இல்லாத இன்னொரு கவருக்கு ஸ்டாம்பு கேட்டு வாங்கினேன். பக்கத்திலேயே பசைக் கிண்ணம் இருந்தும், பழக்க தோஷத்தில் நாக்கை நீட்டி நக்கிவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றிருந்த இளைஞர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

அந்த ஸ்டாம்புப் பசையின் ருசி உங்களுக்கு நினைவிருக்கிறதா? முதலில் லேசாகத் தித்திக்கும், அப்புறம் ஒரு கசப்பு, கடைசியில் பழைய காகிதத்தின் வாடை. எனக்கு அந்த ருசி நாக்கில் பட்டாலே கம்பத்து நாட்கள் ஞாபகம் வந்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கம்பத்தில் ஓர் ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதப் போக்குவரத்து பார்க்கும் வேலை. ஊரில் யாருக்கும் வராத கவர்கள் எனக்கு வரும். அரபு நாட்டுக் கவரில் பருந்து இருக்கும், ஜெர்மனிக் கவரில் ரயில் எஞ்சின் இருக்கும். அவற்றை ஓரம் விட்டு வெட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு உரித்து, செய்தித்தாளுக்கு நடுவே காயவைத்து ஆல்பத்தில் ஏற்றுவேன். மிதக்கவிடத் தனிப் பாத்திரம் ஏது? மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர்தான். ஒருநாள் எங்கள் மேனேஜர் வெயிலில் வந்து அதை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். அரபு நாட்டு மன்னர் ஒருவர் அவருடைய மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பதறியது மேனேஜருக்காக அல்ல, மன்னரின் பல் ஏதாவது முறிந்திருக்குமோ என்றுதான். ஸ்டாம்பின் ஓரத்தில் இருக்கிறதே அந்தப் பல். ஒரு பல் முறிந்தால் ஸ்டாம்பின் மதிப்பு பாதியாகிவிடும்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பேன். டாக்டர் கழுத்தில் குழாய் தொங்குவதைப் போல அது வெளியே கொஞ்சம் தெரிய வேண்டும் என்பதில் எனக்குக் கவனம் அதிகம்.

இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரே கூட்டாளி காஜா பாய். உத்தமபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தம்பிகள் மூவரும் வெளிநாட்டில் இருந்ததால் அவருக்கும் கவருக்குப் பஞ்சமில்லை. காஜா பாய்க்குக் கண்ணாடி, இடுக்கி எதிலும் நம்பிக்கை கிடையாது. ஸ்டாம்பைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் துணியைப் போல நெருடிப் பார்ப்பார். "நல்ல நூலு" என்பார். நல்ல ஸ்டாம்பு என்று அர்த்தம்.

அவர்தான் ஒருநாள் கம்பெனிக்கே வந்து சொன்னார். "தம்பி, ஓடைப்பட்டில ஒரு பொண்ணு இருக்கு. அவுக அப்பா திராட்சைத் தோட்டக்காரரு. உங்க ஆளுகதான், சாதி சனமெல்லாம் விசாரிச்சுட்டேன். அதவிட முக்கியம், அவரும் ஸ்டாம்பு சேக்குறவரு."

பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன் நான் கேட்டது: "எந்த நாட்டு ஸ்டாம்பு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்க்கப் போனோம். என் பெற்றோர், காஜா பாய், நான். கூடத்தில் தட்டு நிறையத் திராட்சை வைத்திருந்தார்கள். பெண்ணின் அம்மா "இங்கன உக்காருங்க, ஃபேன் காத்து இங்கனதான் வரும்" என்று என்னை இடம் மாற்றி உட்காரவைத்தார். பெண்ணின் அப்பாவுக்கு மீசையெல்லாம் பெரிசு, ஆனால் கையில் ஆல்பத்தை எடுத்ததும் முகம் குழந்தை முகமாகிவிட்டது. பெண் வெளியே வரும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை.

"மாப்ள, உங்களப் பத்தி காஜா பாய் ரொம்பச் சொன்னாக. இதப் பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க."

கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரே ஒரு ஸ்டாம்பு. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்து அஞ்சல் ஸ்டாம்பு, நடுவே சங்கு. "எங்கய்யா கூடலூருக்கு மேல மலையில ஏலத்தோட்டத்துல இருந்தாக. அவுகளுக்கு வந்த கடுதாசில இருந்தது. சங்கப் பாருங்க. மத்த ஸ்டாம்புலெல்லாம் ஒரு பக்கம் பாக்கும். இது திரும்பி நிக்கிது. அச்சாபீஸ்ல பண்ணின தப்பு. இத நானே ரெண்டு மூணு வருசம் முன்னாடிதான் கவனிச்சேன்."

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். பற்களை எண்ணினேன். ஒரு பக்கம் பதினொன்று, எதிர்ப்பக்கம் பதினாறு. அசல் ஸ்டாம்பில் துளை சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். இதில் ஊசியால் குத்தி, பின்பக்கம் காகிதம் பிதுங்கியிருந்தது. நிறம் அச்சு மை அல்ல, பள்ளிக்கூடத்துச் சிவப்பு மை. தபால் முத்திரை என்று மேலே இருந்த கறுப்பு வட்டத்தின் விளிம்பு நெளிநெளியாக இருந்தது. அது சோடா பாட்டில் மூடியை மையில் தோய்த்துக் குத்தியது. பழுப்பு நிறம் வயதால் வந்ததில்லை, டீத்தண்ணீரால் வந்தது.

அந்த நேரத்தில்தான் பெண் காபித் தட்டோடு வந்தாள். பெயர் சந்திரா. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி எந்தப் பக்கத்தின் மேல் நிற்கிறது என்று பார்த்தாள்.

"சொல்லுங்க மாப்ள" என்றார் அப்பா.

உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார். அசல் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. என் ஒரே கௌரவம் அதுதான். ஆகவே யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தேன். "மாமா, இந்த மாதிரி ஒண்ணு உலகத்துல வேற எங்கயும் இருக்காது."

அவர் காஜா பாயின் தொடையில் ஓங்கி அடித்தார். சந்திரா திடீரென்று இருமிக்கொண்டே உள்ளே ஓடிவிட்டாள்.

கிளம்பும்போது பூதக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சந்திரா அதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கண்ணாடி நல்லாத்தான் பாக்குது போல" என்றாள் மெதுவாக. "அத நாந்தான் செஞ்சேன். ஒம்பது வயசுல."

"பல்லு?"

"அம்மாவோட தையல் மிசின்ல. நூல் கோக்காம ஓட்டுனேன்."

"அசல் என்னாச்சு?"

"அழுக்கா இருக்கேன்னு சோப்புத் தூள்ல ஊற வச்சேன். வெள்ளையாயிருச்சு."

"சங்கு ஏன் அந்தப் பக்கம் திரும்புச்சு?"

"எனக்கு அப்படித்தான் வரைய வந்துச்சு. அப்பாட்ட சொல்லிறாதீக."

நான் தலையாட்டினேன். பெண் பிடித்திருக்கிறதா என்று பஸ் ஸ்டாண்டில் அம்மா கேட்டபோது, "இவ்வளவு துல்லியமா வேற யாரும் பண்ண மாட்டாக" என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு அது புரியாவிட்டாலும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வாரம் கழித்துக் காஜா பாய் வியர்த்து விறுவிறுத்து வந்தார். "தம்பி, மதுரைல ஸ்டாம்பு கண்காட்சியாம். மாமா அந்தச் சங்க அனுப்புறாரு. ஃபாரத்துல 'நிபுணர் பார்த்து உறுதி செய்தது'ன்னு எழுதி உங்க பேரப் போட்டுட்டாரு."

மதுரைக்கு நாலு பேர் போனோம். மாமா சலவை வேட்டியில், ஆல்பத்தை மடியில் குழந்தையாக வைத்துக்கொண்டிருந்தார். சந்திரா நானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்திருந்தாள். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போது அவள், "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "தல சுத்துதா? ஜன்னலத் தொறந்துக்க" என்று அவர் முடித்துவிட்டார்.

கண்காட்சியில் நடுவராக இருந்தவர் ஒல்லியான பெரியவர். சங்கை வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். பெட்ரோல் மாதிரி ஏதோ ஒரு திரவத்தில் நனைக்கப் புட்டியைத் திறந்தார். காகிதத்துக்குள் மறைந்திருக்கும் நீர்க்குறியைப் பார்க்க அப்படிச் செய்வார்கள். சந்திராவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நனைக்காதீக சார். கரைஞ்சிரும். அது நான் செஞ்சது."

மாமா மகளைப் பார்த்தார். அவள் தையல் மிசினிலிருந்து சோடா மூடி வரை ஒன்று விடாமல் சொன்னாள். பெரியவர் புட்டியை மூடிவிட்டு, "முப்பது வருசமா கள்ள ஸ்டாம்பு பாக்குறேன்மா. ஊசி எந்த நம்பர்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். சந்திரா அழுதுகொண்டே "பதினாறு" என்றாள். அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தப்பவே தெரிஞ்சுச்சா மாப்ள?"

"தெரிஞ்சுச்சு மாமா."

"பெறகு எதுக்கு அப்படிச் சொன்னீக?"

"நான் பொய் சொல்லலயே. உலகத்துல அது ஒண்ணுதான இருக்கு."

அவர் போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் தனியாக முன்சீட்டில் இருந்தார். கல்யாணம் அவ்வளவுதான் என்று காஜா பாய் என் காதில் சொல்லி, ஆறுதலுக்கு என் சட்டையை நெருடிப் பார்த்து "நல்ல நூலு" என்றார். சந்திரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இந்தப் பெண் கிடைக்காமல் போனால் என்ன செய்வேன் என்ற பயம்.

உசிலம்பட்டியில் பஸ் நின்றது. மாமா இறங்கிப்போய்ப் பொட்டலம் நிறையச் சூடான வடை வாங்கிவந்தார். மகளுக்கு இரண்டு, பாய்க்கு இரண்டு, கடைசியில் எனக்கும் இரண்டு.

"அந்த ஸ்டாம்ப வச்சு எத்தன பேருகிட்ட பெரும பேசிருக்கேன் தெரியுமா" என்றார். பிறகு வடையைக் கடித்தபடி, "ஒம்பது வயசுல மாப்ள. இவளுக்கு அப்ப வாய்ப்பாடுகூட ஒழுங்கா வராது" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். தேனி வரும்வரை விட்டுவிட்டுச் சிரித்தார். ஊர் போனதும் அந்த ஸ்டாம்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு மாற்றி, கீழே 'ஓடைப்பட்டி வெளியீடு' என்று எழுதிவைத்தார்.

மாமா போய்ப் பல வருடம் ஆகிறது. காஜா பாய் கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். பாயின் தம்பிமார் பேரன்கள் திரையில் முகம் காட்டிப் பேசுகிறார்கள், யாரும் கவர் போடுவதில்லை. ஆனால் நான் இழந்ததாக நினைப்பது இவற்றில் எதையும் அல்ல.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையே ஆறேழு மாதம் இருந்தது. சந்திரா ஓடைப்பட்டியிலிருந்து கம்பத்துக்கு வாரம் தவறாமல் எழுதினாள். கவர் வந்ததும் நான் முதலில் ஸ்டாம்பை ஓரம் விட்டு வெட்டித் தண்ணீரில் போடுவேன். அப்புறம்தான் கடிதம். படித்ததும் எங்காவது வைத்துவிடுவேன். அறையை மாற்றியபோது பழைய தாளோடு தாளாக எல்லாம் போய்விட்டன. ஸ்டாம்புகள் இருக்கின்றன. இருபத்தாறு, எல்லாம் ஒரே தினுசு, எங்கும் கிடைக்கக்கூடியவை, ஒன்றில்கூடப் பல் முறியவில்லை.

"அந்தக் கடுதாசிகள்ல நீ என்னதான் எழுதியிருந்த?" என்று போன வாரம் தபாலாபீஸிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சந்திரா நிமிரவில்லை. "நல்லாத்தான் எழுதியிருந்தேன்" என்றாள்.