கம்பிக்காரரின் இடது காது

இரும்புக் கம்பியின் கூர்முனையைத் தார்ச்சாலையில் ஊன்றி, மேல்முனையில் உள்ள பித்தளைக் குமிழில் இடது காதைப் பதித்து, கம்பிக்காரர் கண்ணை மூடிக்கொள்கிறார். பத்தடி நகர்கிறார், மறுபடி காது வைக்கிறார். பிறகு சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். "இங்க அழுவுது, தோண்டுங்க." தோண்டினால் உடைந்த குழாய் அங்கேதான் இருக்கும். குடிநீர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. போன வருடம் திரை வைத்த கருவி ஒன்று வாங்கினார்கள். "அது கோடு போடும். வட்டம் நான்தான் போடணும்" என்பார்.

வலது காதைக் கம்பியில் வைப்பதில்லை. அது மனிதர் பேச்சுக்கு. தொலைபேசி, மேலதிகாரியின் உத்தரவு எல்லாம் அந்தப் பக்கம்தான். "வலது காது படிச்ச காதுங்க. சொல்லு சொல்லா எடுத்துக்கும். இடது காதுக்கு எழுத்து தெரியாது. ஆனா விவரமானது." இது அவர் மனைவிக்கு அத்துப்படி. மளிகைப் பட்டியலை வலப்பக்கம் நின்று சொல்வாள். மனசு சரியில்லாத நாளில் மறந்தும் இடப்பக்கம் போகமாட்டாள். "அந்தப் பக்கம் நின்னு ஒண்ணுமில்லன்னு சொன்னா மனுஷன் நம்பமாட்டார்."

அலுவலகத்தில் செவிப் பரிசோதனைக்கு வந்த மருத்துவர் சிரிக்கவில்லை. வலது காதில் விழுவது பெரும்பாலும் மூளையின் இடது பாதிக்குப் போகிறது, சொற்களைப் பிரித்தறிவது அங்கேதான் என்றார். இடது காதுக்கு எதிர்ப்பாதி. இசையும் குரலின் ஏற்ற இறக்கமும் அந்தப் பக்கம். "எல்லாருக்குமே கொஞ்சம் அப்படித்தான். உங்களுக்குக் கூடுதலா இருக்கு."

சென்ற வருடம் ஒரு முற்பகலில், சந்தைக்குப் பின்னால் இருந்த நாலு மாடிக் குடியிருப்பு மடமடவென்று உட்கார்ந்துவிட்டது. உள்ளே சிக்கியவர்களின் சத்தம் கேட்க, தீயணைப்பு அதிகாரி இவருக்கு ஆள் அனுப்பினார். இயந்திரங்களை நிறுத்தினார்கள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இடிந்த கான்கிரீட் பலகையின் இடுக்கில் கம்பியை இறக்கி இடது காதை வைத்தார். ஒரு பெண்ணின் குரல். என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. ஆனால் அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தண்ணீர் நிற்கப்போகிற குழாய், நிற்பதற்குச் சற்று முன் அப்படித்தான் இழுக்கும்.

காதை மாற்றினார். வலது காதில் சொற்கள் வந்தன.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் தாங்குவேன். படிக்கட்டுக்கு அடியில என் பொண்ணு இருக்கா. அவள முதல்ல எடுங்க."

கேட்டதை அப்படியே ஒப்பித்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு பாரந்தூக்கி. அதிகாரி கேட்டார்: "இவங்க தாங்குவாங்களா?"

கம்பிக்காரர் கம்பியை உருவினார். "தாங்குவேன்னு சொல்றாங்க."

பாரந்தூக்கி படிக்கட்டுப் பக்கம் போனது. மூன்று மணி நேரம் ஆயிற்று. ஏழு வயதுப் பெண் கிடைத்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. இடிந்த நொடியிலேயே உயிர் போயிருக்கும் என்றார்கள். கம்பிக்காரர் ஓடிவந்து பழைய இடுக்கில் கம்பியை இறக்கினார். முதலில் இடது காது, பிறகு வலது காது, மறுபடி இடது. ஒன்றும் இல்லை.

யாரும் அவர்மேல் குறை சொல்லவில்லை. "தாயே சொன்னதுதானே, நீங்க என்ன செய்வீங்க" என்று அதிகாரி தோளைத் தொட்டார். "அந்தம்மா சொன்னதச் சொன்னேன். நான் கேட்டதச் சொல்லல" என்று கம்பிக்காரர் வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னார். மனைவி தட்டை மூடி வைத்தாள். அதன் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்க நாளாயிற்று.

போன மாதம், இறந்தவளின் கணவர் அலுவலக வாசலுக்கு வந்தார். விபத்தன்று வேலைக்குப் போயிருந்ததால் பிழைத்தவர். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தன. "கடைசியா அவ என்ன பேசினான்னு உங்களுக்குத்தான் தெரியுமாம்."

கம்பிக்காரர் சொற்களைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இடது காதில் விழுந்ததையும் சொன்னார். அதை அதிகாரியிடம் மறைத்ததையும் சொன்னார்.

அந்த மனிதர் வாசல்படியில் உட்கார்ந்தார். "அவ அப்படித்தாங்க. காய்ச்சல் கொதிக்கும், ஒண்ணுமில்லம்பா." எழுந்தார். "சரி, வர்றேன். நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க வேலையப் பாருங்க."

அவர் நின்றது கம்பிக்காரரின் இடப்பக்கம். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கம்பிக்காரர் பின்னாலேயே நடந்தார். நிறுத்தத்தில் பேருந்து வந்தது. அவர் ஏறினார், இவரும் ஏறினார். எங்கே போகவேண்டும் என்று நடத்துனர் கேட்டார்.

"இவர் எங்க இறங்குறாரோ அங்கதான்" என்று சொல்லி, கம்பிக்காரர் அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.