பூட்டிய மண்டபத்தின் படியில்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் நான். என் குடியைத் தாங்க முடியாமல் மனைவி பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். குடியை விட நினைப்பவர்கள் வாரம் ஒருநாள் கூடிப் பேசும் மண்டபம் ஒன்று இருப்பதாக மருத்துவமனைத் தாதி ஒருவர் சொன்னார். போனேன். அங்கே எல்லாம் ஆங்கிலம். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் மண்டபம் திறக்காது என்று அவர்கள் சொன்னதற்கும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன். மழையில் நனைந்துகொண்டு போனால் கதவில் பூட்டு. திரும்பும் வழியில் கள்ளுக்கடை. மனம் அங்கேயே போய் நின்றது.

படியில் சீனர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் அவரும் என்னைப் போல் வாய் திறக்காமல் தலையாட்டுகிறவர்தான்.

"குடிச்சிட்டியா?" என்று கடைவீதியில் எல்லாரும் பேசும் கொச்சை மலாயில் கேட்டார்.

"இன்னும் இல்லை."

"நானும் இன்னும் இல்லை. உட்காரு."

மழை விடும்வரை இருவரும் தெரிந்த மலாயில் பேசிக்கொண்டிருந்தோம். தன் மகன் இறந்ததை அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்வதாகச் சொன்னார். நான் கள்ளுக்கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில மாதங்களாக அவரைக் காணோம். தேடிப் போக எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. மனைவியும் இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் புரியாததைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுகிறேன். மண்டபம் எந்த வாரம் திறக்காது என்பது எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. புரியாமல் தலையாட்டிவிட்டு யாராவது வந்து நின்றால் என்று, அன்றைக்கும் போய் அந்தப் படியில் உட்காருகிறேன்.