எண்ணூரில் நீர் வற்றும் வேளை

காலை 6.40. இராயபுரம் ரயில் நிலையம். எண்ணூருக்கு ஐந்து ரூபாய்ச் சீட்டு. பையில் நான் கையெழுத்திட்ட ஆய்வறிக்கை. எண்ணூர்க் கழிமுகத்து நீர் ‘ஏற்கத்தக்க தரத்தில்’ இருக்கிறது என்று சொல்லும் அறிக்கை. அங்குள்ள ஓர் ஆலை தன் கழிவு வெந்நீரை ஆற்றில் விட இரண்டாவது குழாய் போட அனுமதி கேட்டிருந்தது. இந்த அறிக்கையை வைத்து மறுநாள் அரசுக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அதற்குமுன் மீனவர்களிடம் விளக்கிவிட்டு வரும்படி எங்கள் ஆய்வுத் துறையில் என்னை அனுப்பியிருந்தார்கள். அரை மணி நேர வேலை என்ற மிதப்பில்தான் ரயில் ஏறினேன்.

7.25. எண்ணூர். திருவொற்றியூரிலிருந்தே சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. நிலையத்திலிருந்து முகத்துவாரத்துக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

“தண்ணி ஆபீஸா சார்? எத்தினி வாட்டிதான் அள்ளிகினு போவீங்க? ஆத்தையே பாட்டில்ல ஏத்திட்டீங்க” என்றார் ஓட்டுநர். சிரித்துவைத்தேன்.

8.00. கரையில் யாரும் இல்லை. வரச் சொல்லியிருந்த பெண்கள் எல்லோரும் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்திருந்ததால் பேச்சே இல்லை. ஐம்பது வயதிருக்கும் மல்லிகா மட்டும் கூடையை வாயிலிருந்து எடுத்தார்.

“தண்ணி வத்துது சார். இப்ப வுட்டா இன்னிக்குப் பொழப்பு போச்சு. நீ படி, கேட்டுகினே தடவுறோம்.”

கரையில் நின்று உரக்கப் படித்தேன். படித்து முடித்ததும் மல்லிகா ஒன்றே ஒன்று கேட்டார். “இந்தத் தண்ணிய எப்ப எடுத்தே?”

தேதியும் மணியும் சொன்னேன்.

“மணிய யாரு கேட்டா? தண்ணி ஏற சொல்லோவா, வத்த சொல்லோவா?”

“ஏறும்போது” என்றேன். எங்கள் பட்டியலில் நாளுக்கும் மணிக்கும் வெப்பத்துக்கும் கட்டம் உண்டு. நீர் ஏறியதா வற்றியதா என்பதற்கு இல்லை. படகு தரை தட்டக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் நீர் ஏறும் வேளை பார்த்தே போயிருந்தோம்.

“அப்ப கடல் தண்ணி உள்ள வந்து அல்லாத்தையும் கழுவிடும். இப்ப எறங்கிப் பாரு.”

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். குளிக்க விளாவிய வெந்நீர் போலச் சுட்டது. சாம்பல் நிறச் சேறு முழங்கால்வரை இழுத்தது.

“பாலத்தாண்ட எங்க எடம் மொத கொழாய்லயே பூடுச்சு. மிச்சம் கீறது இது ஒண்ணுதான். இங்கயும் ஊத்துனா நாங்க எங்க சார் போவோம்?”

வெட்கமாக இருந்தது. நாளை இவர்கள் பிழைப்பை முடித்துவைக்கப்போவது என் கையெழுத்து.

9.15. கரையில் நின்றபடியே எங்கள் துறைத்தலைவரை அழைத்து, மல்லிகா கேட்டதைச் சொல்லி, அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

“யாரோ சொன்னாங்கன்னு எழுத முடியுமா? ஆதாரம்னு எதைப் போடுவீங்க?” என்றார். கோபம் நியாயமானதுதான்; இரண்டு வருட உழைப்பு. அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை ரயிலில் திரும்பும்போதே எழுதினேன். ஆதாரம் என்ற இடத்தில், ‘மல்லிகா, இறால் பிடிப்பவர், எண்ணூர்’ என்று போட்டேன்.

மறுநாள் காலை 10.30. கூட்டத்தில் அந்தக் கடிதத்தை வாசித்த அதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: “மல்லிகா யாரு? எந்த நிறுவனம்?”

நான் வரச் சொல்லியிருந்த மல்லிகா கடைசி வரிசையில் எழுந்தார். “நாந்தான் சார். ஆத்துல கீறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. நீர் வற்றும் வேளையில் மறுபடி அளந்து வரும்வரை முடிவைத் தள்ளிவைத்தார்கள். இது வெற்றியல்ல. முதல் குழாய் அப்போதும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆய்வறிக்கை அரசு மேசைக்குப் போய்ச் சேர்ந்தால் என் வேலை முடிந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதற்குமுன் அது போயிருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்திருக்கிறது.

வாசலில் மல்லிகாவிடம், அடுத்த வாரம் ஆட்களோடு வருகிறோம் என்றேன்.

“வா சார். படகெல்லாம் வேணாம், நடந்து எறங்கு.”