முகத்திரைக்குள் இருந்தவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது எனக்கு நடந்தது. 1921 மார்ச் 9, புதன்கிழமை. பிற்பகல் மூன்று பத்து. நியூஜெர்சி, ஃபோர்ட் லீ.

அன்று நான் பார்க்கப் போனது என் மனைவி எட்னா நடித்த ஒரே மர்மப் படம். கடைசிக் காட்சி பாக்கி இருக்கும்போதே விஷக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. 1918 அக்டோபர் 16. ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. பெட்டியை மூடியேதான் கொடுத்தார்கள். அன்றே புதைத்தோம். மறுநாளே அவள் இடத்தில் துணை நடிகை வின்னிக்கு முகத்திரை போட்டுப் படத்தை முடிப்பதாக இயக்குநர் சொன்னார். பேசாப் படம்; இடையிடையே காட்டும் வசன அட்டைகளை எழுதுவது என் வேலை. 'அவள் யாரென்று எவருக்கும் தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போது மிஞ்சியிருந்தது ஒரே பிரதி. அதையும் கரைத்து, சுருளில் பூசியிருக்கும் வெள்ளியை எடுக்க நான்கு மணிக்கு வண்டி வருகிறது. அதற்கு முன் அவள் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

"வாரன், இது பழைய சுருளுப்பா. அறுந்தா என் தலையை உருட்டாத," என்றார் படம் ஓட்டும் கார்மைன்.

"ஓட்டுங்க."

ஐந்து சுருள்கள். சிரித்தாள், ஓடினாள், ஒளிந்தாள். மூன்று பத்துக்குக் கடைசிச் சுருள். கடகடவென்று கருவி ஓடியது. முகத்திரை போட்ட பெண் படியிறங்கி வந்தாள். நின்றாள். அங்கே படம் முடிய வேண்டும்.

முடியவில்லை.

கை மெல்ல உயர்ந்தது... முகத்திரை விலகியது.

எட்னா.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களுக்குச் செய்வதுபோல் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

உதடுகள் அசைந்தன. சத்தமில்லை. ஆனால் என் பெயர்தான்...

வாரன்.

மறுபடியும்... வாரன்.

சுருள் தீர்ந்து, திரையில் வெறும் வெளிச்சம்.

"யாருப்பா அது?" கார்மைன் கருவியை விட்டு எழுந்து வந்தார். "எத்தனை தடவை ஓட்டியிருக்கேன்... இதுல மூஞ்சியே வராதே!"

"திருப்பி ஓட்டுங்க."

ஓட்டினார். படியிறங்கினாள். நின்றாள். முடிந்தது. முகம் இல்லை.

நான்கு மணிக்கு வண்டி வந்தது.

மே மாதம் படகுத்துறையில் வின்னியைப் பார்த்தேன். அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டேன்.

"நானா? நல்லா கேட்டீங்க போங்க! அன்னிக்கு எனக்கும் காய்ச்சல். படுக்கையை விட்டே எழுந்திரிக்கல. வேற எவளையோ போட்டு முடிச்சிட்டீங்கன்னு இத்தனை வருஷமா உங்க எல்லாரையும் திட்டிக்கிட்டிருக்கேன்."

எட்னாவைப் புதைத்த மறுநாள், அந்தக் காட்சியை எடுத்த அன்று, வீட்டில் இருக்க முடியாமல் நான் ஸ்டுடியோவில்தான் உட்கார்ந்திருந்தேன். முகத்திரை போட்ட பெண் ஒருத்தி என் மேசையருகே வந்து வெகுநேரம் நின்றாள். வின்னி என்றே நினைத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போம்மா, உன்னைக் கூப்பிடுறாங்க," என்றேன்.

போய்விட்டாள்.